போடாத மிளகின் மணம்

சேஸோன் துபோன் பீரில் மிளகு கிடையாது. கிராம்பு கிடையாது. எலுமிச்சைத் தோலோ கொத்தமல்லி விதையோ கிடையாது. பார்லி மால்ட், ஹாப் பூ, பண்ணைக் கிணற்றுத் தண்ணீர், ஈஸ்ட். காய்ச்சுவதற்கு இந்த நாலே சரக்குதான். ஆனால் கோப்பையை முகத்தருகே கொண்டுபோனதுமே, அப்போதுதான் தட்டிய வெண்மிளகின் நெடி மூக்கில் ஏறுகிறது. அதன் பின்னாலேயே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த எண்ணெயின் வாசம். இன்னும் அடியில் வெயிலில் காய்ந்த வைக்கோல், லேசாகக் கிராம்பு, பாதி பழுத்த பேரிக்காய். போடாத சரக்கெல்லாம் இப்படி மணக்கிற இன்னொரு பீரை நான் குடித்ததில்லை. உங்களுக்கு மிகப் பிடித்த பீர் எது என்று யார் கேட்டாலும், பல வருடங்களாக என் வாயில் வருவது இந்தப் பெயர்தான்.

பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோனியா பகுதி, அதில் ஹேனோ மாகாணம், அதற்குள் துர்ப் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பண்ணையின் கட்டடங்களுக்குள்ளேயே இருக்கிறது துபோன் பீர் ஆலை. அங்கே பீர் காய்ச்சுவது 1844-இலிருந்து நடக்கிறது. துபோன் என்ற பெயர் வந்தது 1920-இல். அதற்குப் பின்னால் ஒரு அப்பா இருக்கிறார். மகன் லூயி கனடாவுக்குப் போய் அங்கே ஒரு பண்ணை வாங்கிக் குடியேறுவதாக இருந்தான். அவனை ஊரிலேயே நிறுத்திக்கொள்ள அப்பா அல்ஃப்ரெட் துபோன் இந்தப் பண்ணையையும் ஆலையையும் வாங்கிக் கொடுத்தார். மகன் நின்றுவிட்டான். பிள்ளைப் பாசத்தில் ஓர் அப்பா எடுத்த முடிவு, நூறு வருடம் தாண்டி என் கோப்பைவரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அல்ஃப்ரெட்டுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆலை இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

பாட்டிலைத் திறப்பதே ஒரு விசேஷம். 75 சென்டிலிட்டர் பச்சை பாட்டில். ஷாம்பெய்னுக்குப் போடுகிற மாதிரித் தக்கை, அதன்மேல் கம்பிக்கூண்டு. கம்பியை முறுக்கி அவிழ்க்கும்போதே உள்ளேயிருந்து தக்கை நெட்டித் தள்ளுவது கட்டைவிரலில் தெரியும். அவ்வளவு அழுத்தம். தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும். 'டப்' என்று விடுபட்டதும் பாட்டிலின் வாயில் ஒரு மெல்லிய புகை சுழலும். அகன்ற துலிப் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து எவ்வளவு நிதானமாக ஊற்றினாலும், பால் பொங்குகிற வேகத்தில் நுரை எழும்பி வரும். பாதியில் நிறுத்துங்கள். பொறுங்கள். அந்த நுரை சட்டென்று அடங்குகிற நுரையே கிடையாது. மேடும் பள்ளமுமாக இறுகி நிற்கும். குடிக்கக் குடிக்கக் கோப்பையின் சுவரில் வெள்ளைச் சரிகையாக ஒட்டிக்கொண்டே இறங்கும். அதற்குக் கீழே பீரின் நிறம்: பொன்னும் இளம் ஆரஞ்சும் கலந்தது, லேசாகக் கலங்கியது, ஓயாமல் குமிழ் விடுவது. இந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் உட்கார்ந்திருப்பேன்.

இனி முதல் மடக்கு. குமிழ்கள் முதலில் நாக்கைக் குத்தி எழுப்புகின்றன. அடுத்து மால்ட்டின் ரொட்டி இனிப்பு ஒரே ஒரு கணம் தலைகாட்டுகிறது. இனிக்கப்போகிறது என்று நாக்கு நம்பத் தொடங்குவதற்குள் எலுமிச்சையின் இலேசான புளிப்பு, அதன்மேல் மிளகின் கார்ப்பு, அதை மடக்கிக்கொண்டு ஹாப்பின் கைப்பு. கடைசியில் வாய் முழுக்க ஒரு சுத்தமான துவர்ப்பு. நாம் எண்ணுகிற ஆறு சுவைகளில் உவர்ப்பு நீங்கலாக மற்ற ஐந்தும் அந்த ஒரு மடக்கில் வரிசையாக வந்து போய்விட்டன. விழுங்கிய பிறகு இனிப்பு துளிகூட மிச்சம் இருக்காது. ஒயின்காரர்கள் 'ட்ரை' என்பார்களே, அதன் உச்சம் இது. வாய் காய்ந்துவிடுகிறது, கை தானாகக் கோப்பையைத் தேடுகிறது. இந்த பீரின் மகத்துவம் முழுவதும் இந்த முடிவில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மணம் அவ்வளவு பழமாக இருந்தும் நாக்கில் இனிப்பே தங்காத அந்த முரண்தான் என்னை ஒவ்வொரு முறையும் வீழ்த்துகிறது.

எப்படிச் செய்கிறார்கள்? சரக்கு எளிது, வேலைதான் கடினம். அரைத்த மால்ட்டைத் தண்ணீரில் கலந்து, குறைந்த சூட்டில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். மால்ட்டிலுள்ள நொதிகளுக்கு வேலை செய்ய நிறைய நேரம் கிடைப்பதால் மாவுச்சத்து ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக நன்றாக உடைகிறது. கொப்பரையை நேரடியாக நெருப்பு வைத்தே சூடாக்குகிறார்கள். பெரும்பாலான நவீன ஆலைகள் நீராவிக்கு மாறிவிட்டன. தீ படுகிற அடிப்பக்கத்தில் சர்க்கரை லேசாகக் கருகி, ரொட்டியின் மேலோட்டு வாசத்துக்கு ஒரு அழுத்தம் கொடுக்கிறது.

அதற்குப் பிறகு ஈஸ்ட்டின் ஆட்சி. சாதாரண ஏல் பீர்களைச் சுமார் 20 டிகிரி செல்சியஸில் நொதிக்க விடுவார்கள். லாகர் என்றால் 10 டிகிரியை ஒட்டி. துபோனில் சூடு 30 டிகிரியைத் தாண்டிப் போகிறது. வேறு ஈஸ்ட்டாக இருந்தால் இந்தச் சூட்டில் மூக்கைச் சுளிக்க வைக்கும் சாராய நெடிதான் மிஞ்சும். துபோனின் ஈஸ்ட்டுக்கோ அந்தச் சூடுதான் சொர்க்கம். பார்லியில் இயல்பாக உள்ள ஃபெருலிக் அமிலத்தை எடுத்து அது கிராம்பு மணமுள்ள ஃபீனாலாக மாற்றுகிறது. எஸ்டர்கள் என்ற பழவாசப் பொருள்களையும் அள்ளி வீசுகிறது. மிளகும் எலுமிச்சையும் பேரிக்காயும் இங்கேதான் பெரும்பாலும் பிறக்கின்றன. ஒரு நுண்ணுயிர் சமைத்த மசாலா! இதைத் தெரிந்துகொண்டபின் முகர்ந்தபோது எனக்கு மணம் இரண்டு மடங்கானது.

சேஸோன் என்ற இந்த பீர் வகையின் ஈஸ்ட்களில் பலவற்றுக்கு இன்னொரு திறமையும் உண்டு. மற்ற ஈஸ்ட்களால் தின்ன முடியாமல் பீரில் மிச்சமாக விடப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைக்கும் ஒரு நொதியை அவை சுரக்கின்றன. அதற்கான மரபணுவுக்கு எஸ்.டி.ஏ.1 என்று பெயர். நாக்கில் இனிப்பு தங்காததன் ரகசியம் இது. வீட்டில் பீர் காய்ச்சுகிற ஐரோப்பிய, அமெரிக்க ஆர்வலர்கள், துபோன் வழி வந்ததாகக் கருதப்படும் ஈஸ்ட்டை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அது பாதி வழியில் நின்றுவிடும், சூட்டை ஏற்றினால்தான் மறுபடி கிளம்பும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவ்வளவு பிடிவாதமுள்ள ஒன்றை வருடக்கணக்கில் ஒரே சீராக வேலை வாங்குவது என்றால் சும்மாவா! பாட்டிலில் அடைத்தபின்னும் வேலை ஓய்வதில்லை. கொஞ்சம் ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து, வெதுவெதுப்பான அறையில் பாட்டில்களைப் படுக்கவைத்து, வாரக்கணக்கில் மறுபடி நொதிக்க விடுகிறார்கள். தக்கையை நெட்டித் தள்ளிய அந்த அழுத்தம் இங்கே பிறந்தது.

குளிர்சாதன வசதி வராத காலத்தில் ஹேனோவின் பண்ணைகள் குளிர்காலத்தில்தான் பீர் காய்ச்சின. கோடையில் காய்ச்சினால் கெட்டுவிடும். குளிர்காலத்தில் வயல்வேலை குறைவு, ஆட்களுக்கு இது ஒரு வேலை. காய்ச்சியபின் மிஞ்சும் சக்கை மாடுகளுக்குத் தீவனம். காய்ச்சியது பீப்பாயில் காத்திருந்து, கோடையில் வயலில் வேலை செய்பவர்களின் தாகத்துக்குப் போய்ச் சேரும். அன்றைய பீர் இன்றையதைவிடப் போதை குறைந்தது. இன்று துபோனில் 6.5 சதவீதம் ஆல்கஹால். ஆனால் தாகம் தீர்க்கிற அந்தக் குணம் மாறவே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் பில்ஸ்னர் என்ற லாகர் பீரின் வெள்ளம் வந்தபோது கிராமத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, சேஸோன் என்ற வகையே அருகிப்போனது. இந்நிலையில் பிரிட்டனின் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் சேஸோன் துபோனைக் கொண்டாடி எழுதினார். டான் ஃபைன்பெர்க், வெண்டி லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தம்பதி இதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். 2005-இல் அமெரிக்காவின் மென்ஸ் ஜர்னல் பத்திரிகை உலகின் மிகச் சிறந்த பீர் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. இப்படி முதலிடம் கொடுக்கும் பட்டியல்களை நான் பொதுவாக மதிப்பதில்லை. இந்தப் பட்டியலை மட்டும் மதிக்கிறேன்.

துர்ப்புக்கு நேரில் போய்க் குடித்த மதியத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் ஆசை தீராது. பிரஸ்ஸல்ஸிலிருந்து தூர்னே போகும் ரயிலில் லேஸ்-ஆன்-ஹேனோவில் இறங்கினால் சில கிலோமீட்டர்தான். இருபுறமும் பீட்ரூட் குடும்பத்துச் சர்க்கரைக் கிழங்கு வயல்கள், செங்கல் வீடுகள், ஆளரவமற்ற தெரு. ஆலைக்கு அருகிலுள்ள கஃபேயில் உட்கார்ந்து கேட்டதும் கோப்பையில் வந்தது. பாட்டிலில் எத்தனையோ முறை குடித்த அதே பீர்தான். அங்கே ஹாப்பின் மணம் இன்னும் பச்சையாக, அப்போதுதான் அறுத்த புல்லின் ஈரத்தோடு இருந்தது. பக்கத்து மேஜையில் வேலை உடையோடு இரண்டு பெரியவர்கள் அதையே குடித்துக்கொண்டு ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். உலகமே புகழும் பீர் அவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு வருகிற ஒன்று. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. பக்கத்து ஊரான பிப்பேயில், 1785-இல் தொடங்கிய 'ப்ராஸ்ரி அ வப்பர்' ஆலை நீராவி எந்திரத்தை வைத்துப் பீர் காய்ச்சுகிறது. அவர்களுடைய சேஸோனில் நிஜமாகவே மிளகும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். அருமையான பீர். ஆனால் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால், போட்ட மிளகு நாக்கின் மேல் தனியே நிற்கிறது. துபோனின் போடாத மிளகு பீரோடு பீராகக் கரைந்து கிடக்கிறது. என் ஓட்டு துபோனுக்கே.

சேஸோன் மீதான பிரியம் அட்லாண்டிக் தாண்டியும் நல்ல பிள்ளைகளைப் பெற்றிருக்கிறது. அந்த ஃபைன்பெர்க் தம்பதி நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் 1997-இல் தொடங்கிய ஒம்மகாங் ஆலையின் 'ஹென்னப்பின்' அதில் ஒன்று. 7.7 சதவீதம், இஞ்சி வாசத்தோடு வட்டமான சுவை. ஹேனோவின் ஆத் நகரத்தில் பிறந்து வட அமெரிக்கா போன பாதிரியார் லூயி ஹென்னப்பினின் பெயர் அதற்கு. எனக்கு இன்னும் நெருக்கமானது கான்சாஸ் சிட்டியின் பூல்வார்ட் ஆலை செய்யும் 'டேங்க் 7'. பெல்ஜியத்தில் பிறந்த ஸ்டீவன் பாவல்ஸ் தலைமை ப்ரூவராக இருந்து உருவாக்கியது. 8.5 சதவீதம், அமரில்லோ என்ற அமெரிக்க ஹாப்பின் தயவில் பம்ப்ளிமாஸ் வாசம் கோப்பையை விட்டுத் தாவுகிறது. முடிவில் அதே மிளகு, அதே வறட்சி. துபோனின் அடக்கம் அதில் இல்லை. அந்தத் துணிச்சலுக்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டோடு துபோன் செய்யும் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. ஆலிவ் எண்ணெயில் வாட்டிய கோழி, சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும், ஆட்டுப்பால் சீஸ், எண்ணெயில் பொரித்த மீன்: எதை வைத்தாலும் குமிழ்கள் நாக்கிலுள்ள கொழுப்பைத் துடைத்துவிடுகின்றன, மிளகு அடுத்த கவளத்துக்கு ருசி ஏற்றுகிறது. ஆட்டுப்பால் சீஸோடு சேர்ந்தால் அந்த எலுமிச்சை மணம் திடீரென்று இரண்டு பங்கு பெரிதாகிறது. ஒரு தடவை செய்து பாருங்கள், அப்புறம் பிரிக்க மனசு வராது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தை முழுதாகத் தடுப்பதில்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கைப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வரும். கடை ஜன்னலில் நிற்கிற பாட்டில் வேண்டாம், அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். குடிக்கும்போது 10 முதல் 12 டிகிரி குளிர் போதும். பனிக்குளிரில் மணம் எல்லாம் ஒளிந்துகொள்ளும். முதல் கோப்பைகளைத் தெளிவாக ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய ஈஸ்ட்டைப் பாட்டிலைச் சுழற்றிக் கடைசிக் கோப்பையில் சேருங்கள், அதில் புது ரொட்டியின் மணம் வரும். சிறிய பாட்டிலும் கிடைக்கிறது. நீங்கள் பெரியதையே வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள். நாலு பேர் உட்கார்ந்தால் முதல் பாட்டில் சாப்பாடு பாதி முடிவதற்குள் காலியாகிவிடும்.