‘டோரா’ வரலாற்றில் நோயாளியின் மாற்றம்

உளமருத்துவத்தால் நோயாளி அடையும் மாற்றத்தை அறிய நமக்குக் கிடைக்கும் சான்று பெரும்பாலும் எழுத்துச் சான்றே. அதனை எழுதியவர் நோயாளி அல்லர், மருத்துவர். ஆதலின், மருத்துவ வரலாறு ஒன்றைக் கற்குங்கால், இது யார் கூற்று, எப்பொழுது எழுதப்பெற்றது என்று வினவுதல், அகப்பாடல் கற்பார்க்குப் போலவே, இன்றியமையாததாகும். சிக்மண்ட் பிராய்டு 1905-இல் வெளியிட்ட ‘டோரா’ வரலாற்றை இவ்வினாக்களோடு ஈண்டு நோக்குவோம்.

1900 அக்டோபரில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியை அவள் தந்தை வியன்னாவில் பிராய்டிடம் சேர்ப்பித்தார். இருமல், குரலிழப்பு, மனச்சோர்வு என்பன அவள் குறைகள். தந்தைக்கோ குடும்ப நண்பர் ஒருவரின் மனைவியோடு தொடர்பிருந்தது. அந்நண்பர் ஏரிக்கரையில் தன்னிடம் தகாதவாறு பேசினார் என்றும், தான் அவரை அறைந்து அகன்றதாகவும் டோரா கூறினாள். அவர் மறுத்தார், தந்தை அதனை வெறுங்கற்பனை என்றார். பிராய்டு மட்டும் நிகழ்ச்சியை நம்பினார். அது சிறு செயலன்று. ஆனால், நிகழ்ச்சியை நம்பியவர் அவளுடைய அருவருப்பை நம்பவில்லை. அதனடியில் விருப்பம் மறைந்துள்ளதெனப் பொருள் கொண்டார்.

நோயாளி தொடக்கத்தில் தன் வரலாற்றை முறைப்படக் கூறமாட்டார்; செய்திகள் விடுபடும்; காலம் முன்பின்னாக மயங்கும். மருத்துவம் முற்றும்போது நோய்க்குறிகள் நீங்குவதோடு இடைவெளியற்ற வரலாறும் கைகூடும். இது பிராய்டின் கொள்கை. இலக்கியம் கற்பார்க்கு இக்கொள்கை இனிப்பதில் வியப்பில்லை. ஆயினும், இந்நூலில் இடைவெளிகளை நிரப்புபவள் டோரா அல்லள். அவள் இரு கனவுகளைச் சொல்கிறாள். பக்கம் பக்கமாக விரியும் விளக்கம் பிராய்டினுடையது. அவள் மறுத்தால், அம்மறுப்பும் மறைமுக உடன்பாடாகக் கொள்ளப்படுகிறது. உரை மூலத்தை விழுங்கிவிட்டது எனலாம். மூலத்தின் சொல் உரைக்கு மாறாக நிற்கவும் இடமளிக்காத உரையை நாம் வேறிடங்களில் எவ்வாறு மதிப்பிடுவோமோ, அவ்வாறே இதனையும் மதிப்பிடல் வேண்டும்.

1900 டிசம்பர் 31 அன்று, இதுவே கடைசி நாள் என்று கூறி அவள் விடைபெற்றாள். அவள் பிறர்மேற் கொண்டிருந்த பழைய உணர்ச்சிகள் தம்மேல் பெயர்ந்ததைக் காலத்தில் அறியத் தவறியதே முறிவுக்குக் காரணம் எனப் பிராய்டு பின்னுரையில் எழுதினார். தோல்வியை மறையாது அச்சிட்ட அந்நேர்மை இல்லையேல், நாம் இவ்வாறு ஆராய இடமேது?

உண்மையான மாற்றம் அப்பின்னுரையின் இறுதியில், சில வரிகளில், ஒதுங்கிக் கிடக்கிறது. மருத்துவத்தை விட்டபின் சில வாரங்கள் கலங்கியிருந்த டோரா பின்னர்த் தேறினாள். 1901 மே மாதத்தில் அந்நண்பரின் குழந்தை இறந்தது. துக்கம் கேட்கச் சென்றவள், தன் தந்தையோடு உள்ள தொடர்பு தனக்குத் தெரியும் என்று அம்மனைவியிடம் நேர்படக் கூறினாள், அவர் மறுக்கவில்லை. கணவரையோ ஏரிக்கரை நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளச் செய்தாள். அச்செய்தியைத் தந்தைக்குத் தெரிவித்தாள். அக்குடும்பத்தோடு பின்னர் உறவு கொள்ளவில்லை. துக்க வீட்டில் இவ்வாறு பேசியது தகுமா என்று சிலர் கேட்கலாம். குரலிழப்பே நோயாக வந்தவள் அங்கே பேசினாள் என்பதே நமக்கு முதன்மையானது. பிராய்டு இதனைப் பழிவாங்கல் என்கிறார். குணமடைதலின் கூறு என்று கருதவில்லை.

இதற்கு மாறானதொரு முறை பின்னர்த் தோன்றிற்று. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரால் குறிக்கப்பெற்ற ஒருவரோடு நிகழ்ந்த எட்டு உரையாடல்கள், ஒலிப்பதிவினின்றும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அச்சிடப்பெற்றன. கதைச்சுவை அதில் இல்லை; படிப்பவர்க்குச் சலிப்பும் தட்டும். ஆனால் ஆலோசகரின் விளக்கம் தவறாயின், நோயாளியின் சொல்லைக் கொண்டே அதனை மறுக்கலாம். 1958-இல் எழுதிய கட்டுரையில் ரோஜர்ஸ் மாற்றத்தின் படிகளைப் பேச்சிலேயே காட்டினார். முதலில் நோயாளி புறச்செய்திகளையே பேசுவார். பின்னர்த் தம் உணர்ச்சியை எங்கோ கிடக்கும் பழம்பொருள்போல எடுத்துரைப்பார். இறுதியில் அதனைப் பேசும்போதே உணர்வார். இவ்வளவுகோலை டோராவுக்குப் பொருத்த விழைந்தால் நமக்குக் கிட்டுவது பிராய்டின் சுருக்கமே. துக்க வீட்டில் அவள் பேசிய சொற்கள் அல்ல.

1902 ஏப்ரல் 1 அன்று, முகநரம்பு வலியோடு, அவள் மீண்டும் பிராய்டிடம் வந்து உதவி கேட்டாள். முகத்தைக் கண்ட மாத்திரத்தில், அவள் வேண்டுகோள் உண்மையானதன்று எனத் தாம் துணிந்ததாக அவர் எழுதுகிறார். முழுமையாகக் குணப்படுத்தும் நிறைவைத் தமக்கு இல்லாமற் செய்ததற்காக அவளை மன்னிப்பதாகவும் சொல்லியனுப்பினார். அவள் எவ்வகை உதவியை நாடி வந்தாள் என்பது தமக்குத் தெரியவில்லை என்பதும் அவர் எழுத்திலேயே உள்ளது.