மழையை நிறுத்தாத மந்திரவாதி

மந்திரவாதி மழையில் நனையலாமா? அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் நனைகிறார். அந்த மந்திரவாதி ஓகியன், நினைத்தால் மேகத்தையே விரட்டலாம். ஆனாலும் அடர்ந்த மரமாகப் பார்த்து அடியில் படுத்துவிடுகிறார். சீடன் கெட் புதருக்குள் குந்திக்கொண்டு, இத்தனை சக்தி இருந்து என்ன பிரயோசனம் என்று குமைகிறான். மும்பை செம்பூரின் ஜூலை மழையில் வீட்டுக்குள் துணி காயப்போடும் நானும் கெட் கட்சிதான். "மேல படிங்கப்பா, புரியும்" என்றாள் பத்தாவது படிக்கும் மகள். புத்தகம் அவளுடையது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியது.

அம்புலிமாமாவிலும் வாண்டுமாமாவிலும் வளர்ந்தவன் நான். மந்திரம் சொன்னால் பலிக்க வேண்டும், அவ்வளவுதான். லெ குவினிடம் ஒவ்வொரு மந்திரத்துக்கும் யாராவது விலை கொடுக்கிறார்கள். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், வீம்புக்காக, செத்துப்போன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிடுகிறான் கெட். கூடவே ஒரு நிழலும் நுழைந்துவிடுகிறது. அவனைக் காப்பாற்றப் போன தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். வேறு எழுத்தாளர் கையில் டிராகன் வந்தால் நூறு பக்கம் போர் நடக்கும். இங்கே கிழட்டு டிராகனோடு நடப்பது பேரம், அதுவும் ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் கடல், குளிர், சின்னப் படகு. ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் நின்றபடி படித்தும் அந்தக் குளிர் உறைத்தது.

நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு சின்ன இடம். அந்த உலகத்தில் நிஜப் பெயரை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பெயர் தெரிந்தவன் கைக்குள் ஆளே அடங்கிவிடுவான். எல்லாம் இழந்து, அந்த நிழல் முகத்தில் விட்ட தழும்போடு உட்கார்ந்திருக்கிறான் கெட். நண்பன் வெட்ச் தன் நிஜப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். சில வரிகள்தான். கட்டிப்பிடிப்பதில்லை, கண்ணீர் இல்லை. ரேஷன் கடையில் தாத்தா பெயரைக் கேட்டால், சொல்லாமல் என்னை முன்னே தள்ளிய பாட்டிக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியிருக்காது.

கெட்டின் நிறம் செம்பழுப்பு, வெட்ச் கறுப்பன். 2004இல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது கெட்டாக ஒரு வெள்ளைக்காரரைப் போட்டார்கள். லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். நிறத்தில் இத்தனை அக்கறை, ஆனால் ரோக்கில் பெண்களுக்கு இடமில்லை, கிராமத்து மந்திரக்காரிகளுக்கு ஏளனம்தான் மிச்சம். இதை மகளிடம் கேட்டேன். "அவங்களுக்கே உறுத்திருக்குப்பா. அதான் 1990ல இதே வரிசையில 'தெஹானு' எழுதினாங்க" என்றாள், தயாராக வைத்திருந்த பதில் போல.

ஆனால் உடனே 'தெஹானு'வுக்குப் போகக்கூடாதாம், வரிசையாகத்தான் படிக்க வேண்டுமாம். இப்போது மேசைமேல் இருப்பது 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. நிலவறை இருட்டில் வளரும் ஒரு பெண் பூசாரியின் கதை. கெட் வெகுநேரம் தலைகாட்டமாட்டான் என்று மகள் எச்சரித்திருக்கிறாள். முடிவை மட்டும் சொல்லிவிடாதே என்று கும்பிட்டு வைத்திருக்கிறேன்.