நொய்ம்மையும் மனித மாண்பும்: ஒரு கண்ணாடிப் படைப்பைக் குறித்து

கண்ணாடியைக் கண்டதும் மனித வாழ்வின் நிலையாமையை நினைப்பது நமக்குப் பழகிய வழி. மட்பாண்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பிரசங்கிக்கும் நாம், கண்ணாடியையும் அவ்வரிசையில் எளிதாகச் சேர்த்துவிடுகிறோம். மனிதர் யாவரும் உடையக்கூடியவர். ஆகவே தாழ்மையோடு வாழ்வோம் என்று முடித்துக்கொள்கிறோம். இம்முடிவு தவறன்று, ஆனால் போதுமானதும் அன்று. இதனை ஆஸ்திரேலியக் கலைஞர் யொன்னி ஸ்கேர்ஸ் அம்மையார் 2015ஆம் ஆண்டில் உருவாக்கிய 'நஞ்சு பொழியும் இடி' என்னும் படைப்பு நமக்கு உணர்த்துகிறது. நாம் அதனை நிழற்படங்கள் வாயிலாகவே அறிந்தோம் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

ஸ்கேர்ஸ் அம்மையார் கொக்கத்தா, நுக்குனு என்னும் ஆதிக்குடி மக்களின் வழிவந்தவர். ஏவுகணைச் சோதனைக்கென நிறுவப்பட்ட வூமெரா என்னும் ஊரில் 1973இல் பிறந்தவர். இப்படைப்பில் ஏறக்குறைய 2,000 கண்ணாடிக் கிழங்குகள் கம்பிகளில் தொங்குகின்றன. அவை பாலைநிலத்து மக்கள் தோண்டி உண்ணும் காட்டு வள்ளிக்கிழங்கின் வடிவின. ஒவ்வொன்றும் வாயால் ஊதிச் செய்யப்பட்டது. ஐந்து மீட்டர் உயரமுள்ள அத்திரள் மேகமாகவும் தோன்றுகிறது; அம்மேகத்தினின்று விழும் மழையாகவும் தோன்றுகிறது. இவருடைய படைப்புகளில் கிழங்கு உணவாக மட்டும் நிற்பதில்லை. அம்மக்களின் உடலாகவும் நிற்கிறது.

இவர் கண்ணாடியைத் தேர்ந்துகொண்டது உவமைக்காக மட்டும் அன்று. தென் ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில் பிரித்தானிய அரசு, ஆஸ்திரேலிய அரசின் இசைவோடு, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. புளூட்டோனியத்தைச் சிதறடித்த சிறு சோதனைகள் 1963 வரை நீடித்தன. 'மரலிங்கா' என்பதற்கு இடி என்று பொருள். அச்சொல்லும் அந்நிலத்து மக்களுடையதன்று. வடபகுதியில் வழங்கி மறைந்த வேறொரு மொழியிலிருந்து எடுத்துச் சூட்டப்பட்டது. 'பிரேக்அவே' எனப்பட்ட இடத்தில் 1956 அக்டோபரில் குண்டு வெடித்தபோது செம்மணல் உருகிக் கண்ணாடியாயிற்று. அக்கண்ணாடித் துண்டுகள் கிடந்த நிலத்தில் ஸ்கேர்ஸ் அம்மையார் நடந்து பார்த்திருக்கிறார். ஆகவே அவர் கையாளும் பொருள் அந்நிலம் அடைந்த கதியேயாகும்.

இங்கேதான் நம் பழைய பிரசங்கம் தடைப்படுகிறது. மண்ணால் ஆனதால் மனிதன் நொய்யவன் என்போம். ஆனால் இந்த மண்ணைக் கண்ணாடியாக்கியது இயற்கையன்று, காலமும் அன்று. மேசையருகே அமர்ந்து சிலர் எடுத்த முடிவு. உடையக்கூடியவர்கள் எல்லா மனிதரும். உடைக்கப்பட்டவர்களோ குறிப்பிட்ட சிலர். இவ்விரண்டையும் ஒன்றெனப் பேசுகிறவன் குற்றத்தை விதியாக்கிவிடுகிறான்.

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் இடமுண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. மரலிங்காவுக்குத் தெற்கே ஊல்டியா என்னும் நீர்நிலையருகே ஓர் அருட்பணி நிலையம் இருந்தது. அது 1952இல் மூடப்பட்டது. அங்கிருந்த மக்கள் லுத்தரன் திருச்சபை நடத்திய யலாட்டா நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலையம் மூடப்பட்டதற்கு அருட்பணிச் சங்கத்தின் உட்பிளவும் காரணமாயிருந்தது. எனினும் தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்ட மக்கள் மீண்டும் அங்கே செல்ல இயலாதபடி சோதனைகள் வழியடைத்தன. இச்செய்தி அறியாத ஒரு குடும்பம், தாயும் தந்தையும் இரு குழந்தைகளுமாக, ஊல்டியாவை நோக்கி நடந்து வந்தது. 1957 மே மாதத்தில், முந்திய ஆண்டு வெடித்த குண்டு உண்டாக்கிய பள்ளத்தருகே அவர்கள் தங்கியிருந்ததைப் படைவீரர் கண்டனர். அவர்களைக் குளிப்பாட்டி, நாய்களைச் சுட்டுக் கொன்று, யலாட்டாவுக்கு அனுப்பினர். கண்டதை வெளியே சொல்லலாகாது என்று வீரர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. கருவுற்றிருந்த அத்தாய் பின்னர் அக்குழந்தையை இழந்தார். மூடிக்கிடந்த ஓர் அருட்பணி நிலையத்தைத் தேடி வந்தவர்கள் அவர்கள் என்பது நம் மனத்தை இன்றும் உறுத்த வேண்டிய செய்தியன்றோ?

இனிப் படைப்பின் குறையையும் கூறுவோம். அது மிகவும் அழகியது. விளக்கொளியில் மின்னும் அத்திரளை, விளக்கக் குறிப்பை வாசியாதவர் பெரியதொரு சரவிளக்கு என்றே எண்ணக்கூடும். துயரத்தை அழகாக்கினால் காண்போர் மனம் ஆறுதலோடு வெளியேறிவிடும் என்னும் அச்சம் நமக்கு உண்டு. ஆயினும் ஒன்று அந்த ஆறுதலைத் தடுக்கிறது. அது கிழங்கு, உண்பதற்குரியது. பசித்தவன் கைநீட்டினால் கிடைப்பதோ கண்ணாடி. நிலம் இருந்தும் அதன் விளைவை உண்ண இயலாத நிலையை இதைவிடச் சுருக்கமாகக் கூற முடியுமெனத் தோன்றவில்லை.

வேறொன்றும் நம் சிந்தைக்கு எட்டுகிறது. இப்படைப்பு இன்று கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தின் உடைமை. அங்கே இக்கிழங்குகளில் ஒன்றும் உடையாதபடி காவலர் உண்டு. பொதிந்து வைக்கவும் எடுத்து மாட்டவும் பயிற்சி பெற்றோர் உண்டு. மரலிங்காவைச் சூழ்ந்த பெருநிலத்தில் நடமாடிய மக்களை எச்சரிக்கவோ ஓரிரு அலுவலரே இருந்தனர். நட்டுவைத்த எச்சரிக்கைப் பலகைகளும் அம்மக்கள் வாசிக்க அறியாத ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு சமுதாயம் எதனை நொய்யதென்று அறிந்து காக்கிறதோ, அதிலேயே அதன் மதிப்பீடுகள் வெளிப்படுகின்றன. கண்ணாடிக்குக் கிடைத்த காவல் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

1984, 1985 ஆகிய ஆண்டுகளில் அரச விசாரணைக்குழு இக்கேடுகளை ஆராய்ந்து வெளிப்படுத்தியது. 1994இல் அம்மக்களுக்கு ஒரு கோடியே 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் நிலத்தைத் தூய்மையாக்கும் பணி நிறைவுற்றது. நிலமும் பகுதி பகுதியாகத் திருப்பித் தரப்பட்டு, எஞ்சிய பகுதி 2014இல் வந்துசேர்ந்தது. இவை நன்றே. ஆனால் உருகிய மணல் மீண்டும் மணலாவதில்லை. நொய்ம்மையைப் பற்றி இனி நாம் பிரசங்கபீடத்தில் பேசும்போது, யார் உடைபவர் என்பதோடு நில்லாமல், யார் உடைத்தவர் என்றும், அப்போது நாம் எங்கிருந்தோம் என்றும் சேர்த்துக் கேட்போமாக.