187 போதும்

மருந்து ஆய்வில் சேர்மத் தொகுப்புகளைப் பெரும்பாலும் எண்ணிக்கையால்தான் மெச்சுவார்கள். பெரிய நிறுவனங்களின் கிடங்குகளில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். என் மனம் கவர்ந்த தொகுப்போ 2021இல் 187 சேர்மங்களோடு வெளிவந்தது. பெயர் கேசிஜிஎஸ்; கைனேஸ் எனும் நொதிகளைத் தடுக்கும் சேர்மங்களின் தொகுப்பு. அமெரிக்காவில் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இயங்கும், எஸ்ஜிசி என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பின் குழு தொகுத்தது.

அந்தச் சிறிய எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது கண்டிப்பு. மனித உடலில் கைனேஸ் நொதிகள் 500க்கும் மேல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வந்து அமரும் குழி ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் தடுக்கப் போனால் ஒன்பது சேர்ந்து அடைபடும். 1977இல் ஜப்பானில் சதோஷி ஓமுராவின் குழு மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து பிரித்த ஸ்டாரோஸ்போரின் அப்படிப்பட்டது. அதைக் கொடுத்தால் செல் சாகும். எந்த நொதி அடைபட்டதால் செத்தது என்று கேட்டால் விடை கிடையாது.

அதனால் கேசிஜிஎஸ் குழுவினர் ஒவ்வொரு சேர்மத்தையும் சுமார் 400 கைனேஸ்களோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். வீரியம் இருந்தும் கண்டதையெல்லாம் பற்றுகிறதா, வெளியே போ! எஞ்சிய 187 சேர்மங்கள் 215 கைனேஸ்களைத் தொடுகின்றன. கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் உள்ளிட்ட நிறுவனங்கள் தாமே உருவாக்கிய சேர்மங்களைத் தந்து உதவியிருக்கின்றன. பல வேதியியலாளர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. இயன்ற இடங்களில் ஒரே கைனேஸுக்கு வெவ்வேறு எலும்புக்கூடு கொண்ட இரண்டு மூலக்கூறுகளை வைத்திருப்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. வடிவத்தில் ஒட்டுறவே இல்லாத இரண்டும் செல்லில் ஒரே விளைவைக் காட்டினால், காரணம் அந்த இலக்குதான் என்று துணிந்து சொல்லலாம்.

இதைவிட அழகானது ஒன்று உண்டு. அது கைனேஸ் உலகைச் சேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ஜேம்ஸ் பிராட்னரின் ஆய்வகமும் ஆக்ஸ்ஃபர்டின் எஸ்ஜிசி குழுவும் 2010இல் வெளியிட்ட ஜேக்யூ1 என்ற மூலக்கூறு, பிஆர்டி4 முதலிய புரதங்களைப் பற்றுகிறது. அதன் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறு அவற்றைப் பற்றுவதில்லை. அதே அணுக்கள், அதே எடை. வேறுபாடு வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ளது மட்டுமே. செயலற்ற அந்த இரட்டையைச் சோதனையில் பக்கத்திலேயே வைத்தால், மருந்தின் விளைவு எது, தற்செயல் எது என்பது பிரிந்துவிடும். வேலை செய்யாத ஒரு பொருளை இவ்வளவு நுட்பமாகச் செய்து வைப்பதை நான் உயர்ந்த கலை என்றே சொல்வேன். பிராட்னர் ஜேக்யூ1ஐக் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியது அந்தக் கலைக்குச் சேர்த்த பெருமை.

இந்தத் தேர்வையெல்லாம் பாழாக்க அளவு மிகுந்தாலே போதும். 10 மைக்ரோமோலார் செறிவில் ஊற்றினால் பெரும்பாலான தடுப்பான்களும் அக்கம்பக்கத்து நொதிகளையும் பிடிக்கத் தொடங்கிவிடும். இத்தகைய சேர்மங்களைக் கையில் எடுக்கும் இளம் ஆய்வாளர்களே, 1 மைக்ரோமோலாரைத் தாண்டாதீர்கள்; செயலற்ற இரட்டை கிடைத்தால் அதையும் உடன் வைத்தே சோதியுங்கள்.