நடந்தவர் யார்?

சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ என்னும் பயணநூலைத் தில்லித் தமிழர் தம் வீட்டு நூலாகவே கருதி வந்துள்ளோம். ஜானகிராமன் இந்நகர வானொலியில் பணிபுரிந்தவர் என்ற உறவும் உண்டு. அவ்வுறவின் உரிமையால், இந்நூலைப் பாராட்டுவதோடு நில்லாமல், சிறிது குறை சொல்லவும் துணிகின்றோம்.

நூற்பெயர் சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி பாடும் வரிகளினின்று எடுக்கப்பெற்றது. ஆங்கு நடப்பவள் காவிரி; பாடுபவள் புகார்க் கடற்கரையில் யாழுடன் அமர்ந்திருப்பவள். நம் ஆசிரியர்களோ காரில் சென்றவர்கள். குடகு முதல் பூம்புகார் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் செல்லும் ஆற்றைக் காரில் பின்தொடர்வதில் ஓர் இடர் உண்டு. சாலை தன் வசதிக்கேற்ப ஆற்றை விட்டு விலகும். மீண்டும் வந்து சேரும்வரை இடையிலுள்ள கரையும் ஊர்களும் விடுபட்டுப் போகும். அவ்விடைவெளிகளை ஆசிரியர்கள் வரலாற்றாலும் புராணத்தாலும் நிரப்புகின்றனர். சுவையான நிரப்பல்தான், எனினும் நிரப்பல் நிரப்பலே.

நர்மதைக்கு வாய்த்த அமிர்தலால் வேகடை இங்கு ஒப்பிடத் தோன்றுகிறது. ஜபல்பூர் ஓவியரான அவர், ஐம்பது வயதை நெருங்கும்போது, 1977இல், நடக்கத் தொடங்கினார்; ஆண்டுக்குச் சில நாளாகப் பகுதி பகுதியாக நர்மதையை வலம் வந்தார். ‘சௌந்தர்ய கீ நதீ நர்மதா’ என்னும் அவர் நூலை இந்தி படித்த நம் பிள்ளைகள் எளிதில் படிக்கலாம். நடப்பவனுக்கு ஆறு காட்சியன்று. அன்றிரவு எங்கே உறங்குவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஆயினும் சோழநாட்டுப் பகுதிக்கு வந்ததும் நம் குறை தளர்கிறது. ஜானகிராமன் தேவங்குடியில் பிறந்தவர், கும்பகோணத்தில் பயின்றவர். கார் ஓடினாலும் எழுத்து நடக்கிறது. ஆம், அக்கரைகளை அவர் முன்னமே, பயணம் என்ற நினைப்பே இல்லாத வயதில், நடந்து முடித்துவிட்டார். குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் விருந்தினரின் கண். தஞ்சையில் வீட்டுப்பிள்ளையின் கண். நூலின் உயிர் இந்த இரண்டாவதில்தான் என்பது நம் துணிபு.

இனி வாசகராகிய நம் பக்கம் வருவோம். இந்நூலைப் படித்துக் கண்கலங்கும் நாம், மயூர் விஹாருக்குப் பேருந்தில் நிஜாமுதீன் பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 1,376 கிலோமீட்டர் செல்லும் யமுனையில், வசீராபாத் முதல் ஓக்லா வரையுள்ளது 22 கிலோமீட்டரே. நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆற்றின் அழுக்கில் பெரும்பங்கு சேர்வது இங்கேதான். வசீராபாத்தில் குடிக்க எடுத்துக்கொண்டு, அதன் கீழே நஜஃப்கட் கால்வாய் வழியாகத் திருப்பித் தருகிறோம். ஒருநாளில் நடக்கக்கூடிய தொலைவு! இத்தலைநகரில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தும் நம்மில் எத்தனை பேர் நடந்தோம்? பாட்டியின் காவிரியைப் பேரனுக்குச் சொல்லத் தெரிந்த நமக்கு, அவன் குடிக்கும் ஆற்றைக் காட்டத் தெரியவில்லை.

அதே கானல்வரியில், மாதவிக்கு முன் கோவலன் பாடுகிறான்: சோழன் கங்கையை மணந்தபோதும் காவிரி ஊடவில்லையாம். யமுனை கங்கையில் கலப்பவள்தானே. ஆடிப் பதினெட்டு அன்று குழாயடியில் விளக்கேற்றிச் சித்திரான்னம் படைக்கும் இல்லங்கள் இங்கு உண்டு. அக்குழாயில் வருவது காவிரியன்று.