இரண்டாக எண்ணப்படும் ஒரு லிட்டர்

வடையும் அப்பளமும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய்க்கு நம் கடைத்தெருவில் என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் அந்த எண்ணெய், புதிதாகப் பிழிந்த பாமாயிலைவிட அதிக விலைக்குப் போன காலங்கள் உண்டு. பிரஸ்ஸல்ஸில் எழுதப்பட்ட ஒரு விதிதான் இதற்குக் காரணம். கழிவு எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை ஒரு லிட்டர் விற்றால், இலக்குக் கணக்கில் அதை இரண்டு லிட்டராக எழுதிக்கொள்ளலாம் என்று 2009ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆணை அனுமதித்தது. லாரியின் டேங்கில் இறங்குவது ஒரு லிட்டர், ஏட்டில் ஏறுவது இரண்டு. ஐரோப்பிய உயிரி எரிபொருள் தொழிலின் முப்பதாண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியே நல்ல வாசல். அங்கே எண்ணெயைவிட எண்ணிக்கைக்கே விலை அதிகம். எண்ணும் முறை மாறும்போதெல்லாம் ஆலைகள் முளைக்கின்றன, மூடுகின்றன.

இந்தத் தொழில் பிறந்ததும் பருவநிலைக் கவலையால் அல்ல. 1992இல் ஐரோப்பாவின் பொது வேளாண் கொள்கை சீர்திருத்தப்பட்டபோது, தானியம் மலைபோல் குவிவதைத் தடுக்க, நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாகப் போடும்படி உழவர்களிடம் சொன்னார்கள். ஆனால் உணவல்லாத பயிர் என்றால் அந்தத் தரிசிலும் விதைக்கலாம். கடுகின் நெருங்கிய உறவான ரேப் பயிர் அந்தச் சந்து வழியாக நுழைந்தது. எண்ணெயை எரிபொருளுக்குக் கொடுத்தால் அது உணவல்ல. பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கோ மாட்டுக்குப் புரதத் தீவனம். விதையின் எடையில் பாதிக்கும் மேல் பிண்ணாக்காகத்தான் வருகிறது என்பதை இத்தொழிலைத் திட்டுபவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பிரேசிலிலிருந்து கப்பலேறி வரும் சோயாப் பிண்ணாக்குக்கு இது உள்ளூர் மாற்று.

டீசல் எஞ்சினுக்குத் தாவர எண்ணெய் புதிதும் அல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் முரெக் என்ற சிற்றூரில் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பயோடீசல் செய்தார்கள். பக்கத்து நகரமான கிராட்ஸில் உணவகங்களின் பழைய எண்ணெயைக் கொண்டு நகரப் பேருந்துகள் ஓடின. உள்ளூர்க் கழிவு, உள்ளூர் ஆலை, உள்ளூர்ப் பேருந்து. இத்தொழிலின் மிக நேர்மையான முகம் அதுதான் என்று தோன்றுகிறது. அந்த அளவிலேயே அது நின்றிருந்தால் அதைப் பற்றி எழுத இவ்வளவு இருந்திருக்காது.

பிறகு இலக்குகள் வந்தன. 2010க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 சதவீதம் என்று 2003இன் ஆணை வழிகாட்டியது. 2009இன் ஆணை 2020க்குள் 10 சதவீதத்தைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் கலப்பில்லாத பயோடீசலுக்கு வரியே கிடையாது என்பதால் லாரி உரிமையாளர்கள் அதை விரும்பி நிரப்பினார்கள், ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 2006 ஆகஸ்டில் அரசு அதற்கும் வரி போடத் தொடங்கி ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனது. லாரிக்காரர்கள் சாதாரண டீசலுக்குத் திரும்பிவிட்டார்கள். பாதி வேகத்திலும் ஓடாத ஆலைகள் மிஞ்சின. 2011 தொடக்கத்தில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது வாடிக்கையாளர்களின் முறை. எஞ்சின் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஜெர்மானியர்கள் அந்தப் பம்பைத் தொடாமல், விலை கூடிய பழைய பெட்ரோலையே நிரப்பினார்கள். அமைச்சர்கள் அவசரக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியதாயிற்று. இதே எரிபொருள் பிரான்சில் 2009 முதலே சலசலப்பில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. பெரும்பங்கு எத்தனால் கொண்ட இ85 எரிபொருள் வரிச் சலுகையால் அங்கே மலிவு. 2022இல் பெட்ரோல் விலை எகிறியபோது, காரில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்திக்கொண்டு அதற்கு மாறியவர்கள் ஏராளம்.

சரி, இது புகையைக் குறைத்ததா?

இந்தக் கேள்வி 2008இல் வெடித்தது. அமெரிக்க ஆய்வாளர் திமத்தி சர்ச்சிங்கர் குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் வாதம் எளிது. ஒரு வயலின் விளைச்சல் எரிபொருளுக்குப் போனால், அந்த உணவை வேறெங்கோ யாரோ விளைவித்தாக வேண்டும். அந்த வேறெங்கோ ஒரு காடாக இருந்தால், மரங்களிலும் மண்ணிலும் இருந்த கரி காற்றில் ஏறிவிடும். அதற்கு முந்தைய ஆண்டே ஐ.நா.வின் உணவுரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ஜான் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சாடியிருந்தார். ஐரோப்பிய ஆணையம் தன் செலவிலேயே செய்வித்து 2016இல் வெளியான குளோபியாம் ஆய்வு இன்னும் சங்கடமானது. நில மாற்றத்தால் மட்டும் பாமாயில் பயோடீசல் ஒரு மெகாஜூலுக்கு 231 கிராம் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்றது அது. சோயாவுக்கு 150, ரேப்புக்கு 65, சர்க்கரைக் கிழங்கு எத்தனாலுக்கு வெறும் 15. ஒப்பிடுவதற்குப் புதைபடிவ எரிபொருளின் அளவு 94. அதாவது பாமாயிலை எரிப்பதற்குப் பழைய டீசலையே எரித்திருக்கலாம்.

இத்தகைய மாதிரிக் கணக்குகளில் அனுமானங்கள் நிறைய என்று தொழில்துறை சொன்னது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே ஆய்வில் கிழங்குக்கும் பாமாயிலுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது, எல்லாவற்றையும் 'உயிரி' என்ற ஒரே பெயரில் அடைத்து ஒரே இலக்கில் எண்ணியது மூலப்பிழை. திருத்தம் தாமதமாக வந்தது. 2015இல் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு விதித்தார்கள். பாமாயிலை 2030க்குள் படிப்படியாகக் கணக்கிலிருந்து நீக்க 2019இல் முடிவு செய்தார்கள். பாமாயில் விற்கும் இந்தோனேசியாவும் மலேசியாவும் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போயின.

இந்தக் கதையின் ஒரு கிளை தமிழ்நாட்டுப் புன்செய்க்கும் நீண்டிருந்தது. உணவோடு போட்டி போடாத பயிர் வேண்டும் என்ற தேடலில் ஐரோப்பிய முதலீட்டாளர்களின் கண் காட்டாமணக்கின் மேல் விழுந்தது. ஆடு கடிக்காது என்பதற்காக வேலியில் வைக்கிற அதே செடிதான். பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனம் சென்னையின் மோகன் புரூவரீஸுடன் சேர்ந்து டி1 மோகன் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, உழவர்களோடு ஒப்பந்தச் சாகுபடி செய்தது. 2007இல் பிபி எண்ணெய் நிறுவனமும் டி1 உடன் கைகோத்தது, 2009இல் விலகியும் கொண்டது. தரிசில் நீரின்றி விளையும் என்று சொல்லித்தான் நடவைத்தார்கள். தரிசில் செடி பிழைத்தது, காய்க்கவில்லை. காய்க்க வேண்டுமென்றால் நீரும் உரமும் வேண்டும். அவை இருந்தால் கடலை போடலாமே என்று கேட்கும் உழவருக்கு யாரிடமும் பதில் இல்லை. செடிகள் பிடுங்கப்பட்டன. லண்டனில் பங்கு விலை விழுந்தது ஒரு செய்தியானது. இங்கே நான்கைந்து பருவம் வீணான நிலம் எந்தப் பங்குச் சந்தைப் பட்டியலிலும் ஏறவில்லை.

உணவும் வேண்டாம், காடும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது வைக்கோல். 'இரண்டாம் தலைமுறை' என்ற கவர்ச்சியான பெயரோடு அது வந்தது. ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் மரத்துண்டுகளை வாயுவாக்கி டீசல் செய்யும் சோரென் ஆலைக்கு 2008இல் அங்கெலா மெர்க்கெலே வந்திருந்தார். 2011இல் நிறுவனம் திவாலானது. இத்தாலியின் கிரெஷென்டீனோவில் 2013இல் திறந்த எத்தனால் ஆலை 2017இல் மூடியது. பிறகு எனி குழுமம் அதை வாங்கி உயிர்ப்பித்தது. ருமேனியாவின் பொதாரியில் கிளாரியன்ட் நிறுவனம் ஆண்டுக்கு 2,50,000 டன் வைக்கோலிலிருந்து 50,000 டன் எத்தனால் எடுக்கக் கட்டிய ஆலையை, உற்பத்தி தொடங்கி இரண்டாண்டுகூட நிலைக்குமுன் 2023 டிசம்பரில் மூட முடிவெடுத்தது.

ஏன் எல்லாமே சறுக்குகின்றன? ஆய்வகத்தில் வேதியியல் ஜெயிக்கிறது. களத்தில் வைக்கோல் ஜெயிக்கிறது. அது எடையில்லாமல் இடத்தை அடைக்கும் பொருள். அறுவடையின் சில வாரங்களில் மட்டும் கிடைப்பது. மண்ணும் கல்லும் கலந்து வந்து எந்திரத்தைத் தேய்ப்பது. வைக்கோல் போர் போட்டுப் பழகிய எந்தக் குடியானவரும் இதைச் சொல்லியிருப்பார். மாடு நாலு வயிற்றில் நாள் முழுக்க அசைபோட்டுச் செய்கிற வேலையை மணிக்கணக்கில் முடிக்க நொதியும் வெப்பமும் ஏராளமாகச் செலவாகின்றன. இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023இல் இத்துறையைப் பற்றித் தந்த அறிக்கை, நீண்டகாலப் பார்வை இல்லாமல் அடிக்கடி மாறும் கொள்கை முதலீட்டை விரட்டுகிறது என்று கண்டித்தது.

வைக்கோல் கைவிட்டதால் எல்லாப் பாரமும் பழைய எண்ணெயின் தலையில் விழுந்தது. ஐரோப்பியச் சமையலறைகள் தருவது போதவில்லை. பெரும்பகுதி இறக்குமதி, அதில் சீனா முன்வரிசை. கறுத்த எண்ணெய்க்குள் எவ்வளவு புது பாமாயில் கலந்திருக்கிறது என்பதை ஆய்வகத்திலும் எளிதில் சொல்ல முடியாது. சான்றிதழ் ஒன்றுதான் சாட்சி. பாமாயில் ஆலைக் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ஐரோப்பா பயன்படுத்தியதாகக் கணக்குக் காட்டும் அளவு, உலகம் முழுக்கச் சேகரிக்கக்கூடிய அளவையே விஞ்சுகிறது என்று டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற பிரஸ்ஸல்ஸ் அமைப்பு சுட்டிக்காட்டியது. மலிவான சீனச் சரக்கு உள்ளூர் ஆலைகளை நெருக்கவே, 2025 பிப்ரவரியில் சீன பயோடீசலுக்கு 10 முதல் 35.6 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி உறுதியானது. ஒன்றை இரண்டாக எண்ணும் வழக்கத்தைக் கைவிடும் சட்ட வரைவை ஜெர்மனி முன்வைத்தது. மோசடிக்கு இருந்த இரட்டை லாபம் போகும் என்பதால், வரியைவிட இந்தத் திருத்தமே ஆழமானது.

இவ்வளவும் சொன்னபின், உயிரி எரிபொருளை அப்படியே தூக்கிப் போட்டுவிடலாமா? ஸ்வீடன் ஏறத்தாழ அதைச் செய்து பார்த்தது. 2024 ஜனவரியில், உயிரி எரிபொருள் கலந்து டீசலின் உமிழ்வைக் குறைக்கும் கடமையை 30.5 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறக்கியது. பம்பில் விலை இறங்கியது, வாக்காளர் மகிழ்ந்தார். அந்த ஆண்டே நாட்டின் போக்குவரத்து உமிழ்வு ஏறியது. ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான டீசல் எஞ்சின்களை ஒரே இரவில் மாற்ற முடியாது, அவற்றில் உடனே ஊற்றக்கூடியது இது ஒன்றே என்ற தொழில்துறையின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் இங்கும் கணக்கின் கை இருக்கிறது. நாடுகளின் உமிழ்வுப் பட்டியலில் உயிரி எரிபொருளின் புகை சுழியம் என்றே எழுதப்படும். காடு அழிந்தது எங்கோ, அது ஸ்வீடனின் ஏட்டில் வராது. எனவே ஏட்டில் தெரிந்த ஏற்றம் முழுவதும் காற்றில் நடந்த ஏற்றம் அல்ல.

காருக்கு இது எதிர்காலமா என்பதற்கு ஒரு மனக்கணக்கு போதும். ஜெர்மனியில் ஒரு ஹெக்டேர் ரேப் சுமார் 1,500 லிட்டர் பயோடீசல் தரும். நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் கார் அதில் 25,000 கிலோமீட்டர் போகும். அதே ஹெக்டேரில் சூரியப் பலகை விரித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 லட்சம் யூனிட். மின்கார் ஓட்டினால் 35 லட்சம் கிலோமீட்டர். பிண்ணாக்கையும், வெயிலில்லாத ஐரோப்பியக் குளிர்காலத்தையும் எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது. 2035க்குப் பிறகான கார்களில் உயிரி எரிபொருளுக்கும் இடம் வேண்டும் என்று இத்தாலி விடாமல் கேட்பது கார்த் தொழிற்சாலைகளின் கவலை. அதை வயலின் கணக்கு ஆதரிக்கவில்லை.

விமானத்தின் நிலை வேறு. அட்லாண்டிக்கைக் கடக்கும் மின்கலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஐரோப்பிய விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2025 முதல் 2 சதவீதமும், 2030இல் 6 சதவீதமும், 2050இல் 70 சதவீதமும் நிலைத்த விமான எரிபொருளாக இருக்க வேண்டும். உணவுப் பயிருக்கு அங்கே இடமில்லை. கப்பல்களுக்குத் தனி விதி. முன்பே பற்றாத பழைய எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் இப்போது லாரியும் விமானமும் கப்பலும் கியூவில் நிற்கின்றன. விமானத்துக்கு முன்னுரிமை தந்து லாரியை மின்சாரத்துக்குத் தள்ளுவதே நியாயமான பங்கீடு. ஆனால் தனித்தனி விதிகள் ஒரே வாணலியை மூன்று பக்கமும் இழுக்கின்றன.

இதற்கிடையே வர்த்தக அரசியல் ஒரே கையெழுத்தில் ஆலைகளைச் சாய்க்கிறது. இங்கிலாந்தின் ஹல் நகரருகே கோதுமையிலிருந்து எத்தனால் எடுத்துவந்த விவெர்கோ ஆலை 2025 ஆகஸ்டில் மூடும் பணியில் இறங்கியது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் 140 கோடி லிட்டர் அமெரிக்க எத்தனாலுக்கு 19 சதவீத வரி நீங்கியிருந்தது. பிரிட்டனின் மொத்தத் தேவையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆலையோடு கால்நடைத் தீவனமும் போயிற்று.

ராட்டர்டாம் துறைமுகத்தில் இரண்டு காட்சிகளை ஒருசேரப் பார்க்கலாம். பெர்னிஸில் ஆண்டுக்கு 8,20,000 டன் கொள்ளளவோடு ஷெல் கட்டத் தொடங்கிய உயிரி எரிபொருள் ஆலை 2024 ஜூலையில் பாதியில் நின்றது. 2025 செப்டம்பரில் நிறுவனம் அதை முற்றாகக் கைவிட்டது. கடலை ஒட்டிய மாஸ்ஃப்ளாக்தேயில் ஃபின்லாந்தின் நெஸ்தே, லாபம் சரிந்து ஆட்குறைப்பு செய்த பிறகும், சுமார் 250 கோடி யூரோ செலவில் தன் ஆலையை விரித்துக்கொண்டிருக்கிறது. 2027இல் முடிந்தால் அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 27 லட்சம் டன். அந்த வயிற்றை நிரப்ப ஐரோப்பாவின் வாணலிகள் போதாது என்பது நெஸ்தேவுக்குத் தெரியும். அமெரிக்க உணவகங்களில் பழைய எண்ணெய் சேகரிக்கும் மஹோனி என்ற நிறுவனத்தை அது 2020இலேயே வாங்கிப் போட்டுவிட்டது.