விசிறியின் இரைச்சலும் ஒலி அட்டையின் எண்ணும்

விளையாட்டுக் கணிப்பொறி வாங்குவதற்காகப் பணம் சேர்த்து வைத்திருந்த என் மாணவர் ஒருவர், கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். சவுண்ட் கார்டு எனப்படும் ஒலி அட்டைக்குப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. செயலியைக் குளிர்விப்பதற்கோ மலிவான சிறு விசிறி ஒன்றுதான். "சார், இந்த அட்டை 122 டெசிபெல்லாம். நல்லதுதானே?" என்றார். பணம் தலைகீழாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். அவருக்குச் சொன்ன காரணங்களையே இங்கு எழுதுகிறேன்.

122 என்பது பொய்யான எண் அன்று. கிரியேட்டிவ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5 அட்டைக்கு அந்நிறுவனமே தரும் அளவு அது. அட்டை தரக்கூடிய மிக உரத்த சைகைக்கும், அட்டைக்குள்ளேயே எழும் மின்னிரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை அது குறிக்கிறது. ஆனால் நம் காது மின்கம்பியின் முனையில் இல்லையே, அறையில் அல்லவா இருக்கிறது? விசிறிகளின் இரைச்சல் நம் காதருகே 40 டெசிபெல் என்று கொள்வோம். அந்த இரைச்சலுக்கு மேல் 122 டெசிபெல் இடைவெளி முழுவதையும் கேட்க வேண்டுமானால், உரத்த ஒலி 162 டெசிபெல்லை எட்ட வேண்டும். 120, 130 டெசிபெல்லிலேயே காது வலிக்கத் தொடங்கிவிடும்! உரத்த ஒலி 85 டெசிபெல்லைத் தாண்டாமல் கேட்பவருக்கு மிஞ்சுவது 45 டெசிபெல் இடைவெளிதான். மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வரும் சாதாரண ஒலிச்சுற்று இதை எளிதில் தந்துவிடும். ஆக, தடையாக நிற்பது விசிறியே.

விசிறி இல்லாமல் முடியாதா என்றால், வெப்பம் எங்காவது போயாக வேண்டும். 125 வாட் செலவிடும் செயலியின் வெப்பத்தை, காற்றின் வெப்பநிலை 10 டிகிரி மட்டுமே உயரும்படி அகற்ற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று தேவை. கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் இதற்கு மேல். விளையாடும்போது பெரும்பாலும் அதன் விசிறிகளே மற்றவற்றைவிட அதிகமாக இரைகின்றன. பட்டியல் எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஓர் அழகான கணக்கு உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் ஏறத்தாழப் பாதியாகிறது. இரைச்சலோ சுமார் 15 டெசிபெல் குறைகிறது. அதே போன்ற இரண்டாவது விசிறியைச் சேர்த்தால் காற்று பழைய அளவுக்கு வந்துவிடும். இரைச்சல் 3 டெசிபெல் மட்டுமே கூடும். மொத்தத்தில் அதே காற்று, 12 டெசிபெல் குறைந்த இரைச்சலில்! 10 டெசிபெல் குறைந்தாலே ஒலி பாதியானதாகக் காதுக்குத் தோன்றும். ஒரு சிறு விசிறியை வேகமாகச் சுழற்றுவதைவிட, அகன்ற உலோகத் தகட்டுக் கொத்தின்மேல் 120 மில்லிமீட்டர் விசிறிகளை மெதுவாகச் சுழற்றுவது மேல் என்பது இதனால்தான். ஆனால் வேகம் பாதியானால் விசிறி தரும் அழுத்தம் கால் பங்காகிவிடும். தகடுகள் மிக நெருக்கமாக இருந்தாலோ, கேபினெட்டின் முகப்பு கண்ணாடியால் அடைபட்டிருந்தாலோ இந்தக் கணக்கு பலிக்காது.

விசிறிகளுக்குத் தரப்படும் டெசிபெல் எண்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. எவ்வளவு தொலைவில் அளந்தது? தொலைவு இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபெல் குறைந்துவிடுமே! ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் தன் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறிக்கு, நிமிடத்திற்கு 2000 சுற்றில் 22.6 டெசிபெல் என்கிறது. அது தனி விசிறியின் அளவு. தகடுகளுக்கும் வலைக்கும் நடுவே சுழலும்போது அவ்வளவிலேயே நிற்காது. திரவக் குளிர்விப்பு ஓசையற்றது என்பதும் பாதி உண்மையே. நீர் வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அங்கேயும் விசிறி வேண்டும், கூடவே பம்பின் முணுமுணுப்பும் உண்டு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: கூரை விசிறி முழுவேகத்தில் சுழலும் நம் அறைகளில் 20 டெசிபெல் விசிறிக்கும் 25 டெசிபெல் விசிறிக்கும் வேறுபாடு தெரியாது. அந்த ஐந்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ஒலி அட்டைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது பல கணிப்பொறிகளுக்குக் 'கீச்' என்று கத்த மட்டுமே தெரியும். பின்னாளில் விளையாட்டின் எதிரொலிகளைக் கணக்கிடும் வேலையையும் அட்டை ஏற்றது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்தது. வேலை செயலிக்கே வந்து சேர்ந்தது. இன்றும் அட்டை உதவும் இடங்கள் உண்டு. 300 ஓம் போன்ற உயர் மின்மறுப்புள்ள ஹெட்போனுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படலாம். சில மதர்போர்டுகளில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஹெட்போனில் கிறீச்சொலி கேட்கும். ஹெட்போனை மாட்டி, எதையும் ஒலிக்கவிடாமல் ஒலியளவைக் கூட்டிப் பாருங்கள். அப்படி ஏதும் கேட்டால், மின்னிரைச்சல் மிகுந்த பெட்டிக்கு வெளியே வைக்கும் யுஎஸ்பி வகைக் கருவியே சிறந்தது. கேட்காவிட்டால் செலவு வேண்டாம்.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. விசிறி இரைந்தால் பிள்ளைகள் ஒலியைக் கூட்டுகிறார்கள். 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்பது 1998-இல் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே மணி. இரைச்சலை வெல்ல 9 டெசிபெல் கூட்டுவது கைவிரலுக்கு எளிது. உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

மாணவரின் பட்டியலில் ஒலி அட்டையை அடித்துவிட்டு, பெரிய தகட்டுக் கொத்தையும் காற்று நுழையும் வலைமுகப்புக் கேபினெட்டையும் எழுதினோம். வாங்கிய பின் பயாஸில் விசிறி வேகத்தைச் சற்றுத் தணிக்கச் சொல்லியிருக்கிறேன். செயலி 75 டிகிரியைத் தொட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை தாங்கும்படியே ஆக்கப்பட்டது. அட்டைக்குரிய செருகிடம் காலியாகத்தான் இருக்கும். தேவை என்று காது சொன்னால் அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம்.